ஊருணிக்கரையில் மரம் வைக்கிறோம், கல்லில் எந்தப் பாட்டை வெட்டலாம்?

செம்மண்காரன் கேட்டது:

வணக்கம். காரைக்குடிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர் எங்களுடையது. வருகிற தை மாதம் எங்கள் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, எழுபது நிறைகிறது. பீமரத சாந்தியை ஊரழைத்துச் செய்யலாம் என்று பிள்ளைகள் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அப்பச்சி ஒரே பேச்சில் முடித்துவிட்டார்கள்: சாந்தியைக் கோயிலோடு வைத்துக்கொள்ளுங்கள், பந்தலுக்கும் மேளத்துக்கும் போகிற காசில் ஊருணிக்கரையில் மரம் வையுங்கள், எழுபதுக்கு எழுபது மரம்.

ஏன் ஊருணிக்கரை என்று சொல்ல வேண்டும். வடகரையில் ஒரு பெரிய அரசமரம் இருந்தது. யார் வைத்தது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. எங்கள் ஐயா சிறுபிள்ளையாக இருந்தபோதே அது பெரிய மரம்தானாம். எங்கள் அப்பத்தா காலையில் தண்ணீர் எடுக்கப் போனால் முதல் குடத்தை அதன் வேரில் ஊற்றிவிட்டுத்தான் அடுத்த குடத்தை இடுப்பில் வைப்பார்கள். கோடையில் தண்ணீர் அடிப்படிக்குப் போய், இறங்கி மொண்டு ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிற நாளிலும் முதல் குடம் மரத்துக்குத்தான். இவ்வளவு பெரிய மரத்துக்கு ஒரு குடம் எந்த மூலைக்கு என்று நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "அதுக்குப் போதுமா போதாதான்னு பாத்து ஊத்தலைடா, நெழல்ல நின்னுட்டுச் சும்மா வர முடியலை" என்றார்கள். அந்த மரம் சில வருடங்களுக்கு முன் ஒரு காற்றில் சாய்ந்துவிட்டது. இப்போது இடுப்பளவு அடிமரம் மட்டும் நிற்கிறது. அதன் பக்கத்தில் துளிர் வருகிறது, ஆடு கடிக்கிறது, மறுபடி வருகிறது, மறுபடி கடிக்கிறது. அப்பத்தாவும் இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆறு வருடங்களுக்கு முன் வெளியிலிருந்து ஒரு அமைப்பு வந்து இதே கரையில் நூறு கன்று வைத்தது. நாங்களும் கைகொடுத்தோம், போட்டோ எடுத்தோம், அன்றைக்கு எல்லோருக்கும் மனசு நிறைந்திருந்தது. அடுத்த சித்திரையில் நான் ஊருக்குப் போனபோது நூறு குச்சிகள் நின்றன. இன்றைக்கு இருப்பது நாலு புங்கை. அந்த நாலும் பக்கத்து வீட்டு அக்கா பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிற வழியில் இருந்ததால் பிழைத்தவை. அதனால் இந்தத் தடவை தப்பு நடந்துவிடக் கூடாது என்று பயமாக இருக்கிறது.

கேள்வி இரண்டு. கரையில் ஒரு கல் நட்டு, மரம் வைப்பதைப் பற்றிய ஒரு பழம்பாட்டை வெட்ட ஆசைப்படுகிறோம். எங்கள் ஆச்சி, அதாவது என் அக்கா, மூதுரையின் முதல் பாட்டைச் சொல்கிறார்கள், தாள் உண்ட நீரைத் தலையாலே தரும் தென்னை. பெரிய பங்காளி வீட்டில் 'பயன்மரம் உள்ளூர்ப் பழுத்தற்றால்' குறளைச் சொல்கிறார்கள். எனக்கு பாரதியின் "காவியம் செய்வோம் நல்ல காடு வளர்ப்போம்" ஒரு வரியே போதும் என்று படுகிறது. எது பொருத்தம்? இவற்றைவிட நல்லது உண்டா? அடுத்தது, இந்தச் செம்மண்ணில் என்ன மரம் வைக்கலாம்? தை மாதம் அப்பச்சி கையாலேயே எல்லாவற்றையும் நட்டுவிடலாம் என்று நினைத்திருக்கிறோம்.


பழைய வாத்தியார் எழுதியது:

தம்பி, அப்பச்சிக்கு முதலில் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நான் திருப்பத்தூர்ப் பக்கம், பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்ன மூன்றும் நல்ல பாட்டுகள். ஆனால் முதல் இரண்டும் மரம் நடுவதைப் பாடவில்லை. மூதுரையின் தென்னை, செய்த நன்றி எப்போது திரும்பி வரும் என்று கேட்காதே என்பதற்கு எடுத்துக்காட்டாக வந்து நிற்கிறது. குறள் 216, ஒப்புரவறிதல் அதிகாரம்; உதவும் மனமுள்ளவனிடம் சேர்ந்த செல்வம் ஊர் நடுவே பழமரம் பழுத்தது போல என்கிறார் வள்ளுவர், பேச்சு செல்வத்தைப் பற்றியது. நம் பாட்டுகளில் மரம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. வள்ளலுக்கு உவமை, பொறுமைக்கு உவமை. வெட்டுகிறவனுக்கும் வெட்டி முடிக்கும் வரை குளிர்நிழல் தந்து காக்கும் மரம் என்று அதே மூதுரையில் இன்னொரு பாட்டு உண்டு, அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும், ஆனாலும் அங்கேயும் பேசப்படுவது அறிவுடைய மனிதர்களின் பொறுமைதான்.

மரம் வைக்கிற வேலையையே நேராகச் சொல்லும் பாட்டு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது காரியாசான் எழுதிய சிறுபஞ்சமூலம். பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்று. ஐந்து வேர் சேர்ந்த மருந்து போலப் பாட்டுக்கு ஐந்து செய்தி சொல்வது அந்த நூலின் வழக்கம்.

"குளம்தொட்டுக் கோடு பதித்து வழிசீத்து
உளம்தொட்டு உழுவயல் ஆக்கி வளம்தொட்டுப்
பாகுபடும் கிணற்றோடு என்றிவ்வைம் பாற்படுத்தான்
ஏகும் சுவர்க்கத்து இனிது."

குளம் வெட்டுவது, மரம் நடுவது, வழியைச் செதுக்கிச் சீராக்குவது, தரிசை உழுவயல் ஆக்குவது, கிணறு தோண்டுவது. இந்த ஐந்தையும் செய்தவன் சொர்க்கத்துக்கு இனிதாகப் போவான். ஐந்தும் மண்வெட்டி பிடிக்கிற வேலை, ஐந்தும் செய்தவனைவிட அடுத்தவர்களுக்குப் பயன்படுவது. பூசை, யாகம், தவம் ஒன்றும் இந்த வரிசையில் கிடையாது. மரம் எங்கே நிற்கிறது பாருங்கள்: குளத்துக்கும் வழிக்கும் நடுவில். தண்ணீர் குடிக்க வருகிறவனும் வழிநடக்கிறவனும் இளைப்பாறுகிற இடத்தில்தான் நிழல் வேண்டும் என்று அந்தப் புலவருக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் ஊருணிக்கரையும் அதே இடம்தான்.

'கோடு பதித்து' என்ற இரண்டு சொல்லை மட்டும் இன்னும் கொஞ்சம் சுவைக்கலாம். கோடு என்றால் மரக்கிளை. குளத்தின் கரைக்கும் கோடு என்று பெயர் உண்டு. ஆகவே 'கோடு பதித்து' என்று படிக்கும்போதே கரையும் கிளையும் சேர்ந்து கண்முன் வந்துவிடுகின்றன. விதை ஊன்றி என்றோ கன்று நட்டு என்றோ சொல்லாமல் கிளையைப் பதித்து என்கிறார். அது ஏன் என்று மரம் வைத்துப் பழகியவர்கள் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

இன்னொரு வரியும் சொல்ல ஆசை, அது நம் பக்கத்துச் சொத்து. மகிபாலன்பட்டியைக் கணியன் பூங்குன்றனாரின் பூங்குன்றம் என்று கருதுகிறார்கள், அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 'யாதும் ஊரே' எல்லோர் வாயிலும் இருக்கிறது. நற்றிணை 226ஆம் பாட்டும் அவருடையதே என்பார்கள். அதன் முதல் அடி: "மரம்சா மருந்தும் கொள்ளார் மாந்தர்". மருந்துக்காக என்றாலும், மரம் செத்துப்போகும் அளவுக்கு அதிலிருந்து எடுக்க மாட்டார்கள். பிரிந்துபோன தலைவனை நினைத்து ஒரு பெண் சொல்கிற பாட்டு அது. மன்னர் குடிகளின் வளம் கெடும்படி வரி வாங்க மாட்டார் என்பதற்கும் முன்னால் மரத்தைச் சொல்கிறாள். உயிர் போகிற நோய்க்கு மருந்து எடுக்கும்போதும் மரத்தின் உயிரை நினைக்க வேண்டும் என்பது, அந்தக் காலத்தில் ஒரு பெண் சர்வ சாதாரணமாக எடுத்துச் சொல்கிற உலகவழக்காக இருந்திருக்கிறது.

பாரதி வரியை விடவே வேண்டாம். அவர் 'நடுவோம்' என்று சொல்லவில்லை, 'வளர்ப்போம்' என்றார். பள்ளிக்கூடத்துச் சுவரில் எழுதுங்கள். கல்லுக்கு என் வாக்கு சிறுபஞ்சமூலத்துக்கு.


நாற்றுப்பண்ணை எழுதியது:

வாத்தியார் ஐயா கேட்ட 'கோடு பதித்து' எங்களுக்குப் புதுசே இல்லை. நாங்கள் போத்து நடுவது என்று சொல்வோம். ஆல், அரசு, அத்தி, பூவரசு, ஒதியன், கிளுவை, இதெல்லாம் கிளையை வெட்டி ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும். மணிக்கட்டைவிடக் கொஞ்சம் பருமனான கிளையாக, ஆறேழு அடி நீளத்துக்கு வெட்டி, அடிமுனையைச் சாய்வாகச் சீவி இரண்டடி ஆழத்தில் ஊன்றி, சுற்றி மண்ணை நன்றாக மிதித்து இறுக்க வேண்டும். மேல்முனை வெட்டுவாயில் பசுஞ்சாணியை உருண்டையாக அப்பி, மேலே வைக்கோல் வைத்துக் கட்டிவிட்டால் தண்ணீர் இறங்காது, காய்ந்தும் போகாது. துளிர் வரும்போது உயரத்தில் வரும். ஆட்டுக்கு எளிதில் எட்டாது. நீங்கள் சொன்ன சிக்கலுக்கு இதுதான் மருந்து. முட்டுக்கால் உயரக் கன்றை ஊருணிக்கரையில் வைத்துவிட்டு ஆட்டைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

அந்த அரசமர அடிமரத்தில் துளிர் வருகிறது என்றீர்களே, அது போனது இல்லை, அண்ணே! வேர் இன்னும் உயிரோடு இருக்கிறது. சுற்றி முள்வேலி போட்டு, வருகிற துளிரில் நேராகப் போகிற ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். நூறு வருட வேர் ஊட்டுகிற துளிர், புதுக்கன்றைவிடப் பல மடங்கு வேகமாக எழும்பும். எழுபதுக்குக் கணக்கை அங்கிருந்தே தொடங்குங்கள்.

தை மாதம் நடுவது வேண்டவே வேண்டாம். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகை. தையில் நட்டால் வேர் பிடிப்பதற்குள் வெயில் வந்துவிடும். புரட்டாசிக்குள் குழி எடுத்து ஆறப்போடுங்கள். மூன்றடிக்கு மூன்றடி. நம்மூரில் இரண்டடி தோண்டினால் செம்புறாங்கல் தட்டும், கடப்பாரை போட்டு உடைத்தே ஆக வேண்டும். அதை உடைக்காமல் வைத்தால் செடி தொட்டியில் வைத்த மாதிரி சுற்றிச் சுற்றி நின்றுவிடும், நாலு வருடம் கழித்து ஒரு காற்றில் சாயும். குழிக்குள் கண்மாய்க் கரம்பை மண்ணும் மக்கின சாணியும் போட்டு மூடி, ஐப்பசி முதல் மழை நனைந்ததும் நடுங்கள். தையில் அப்பச்சி வந்து பார்க்கும்போது பச்சை பிடித்து நிற்கும், அன்றைக்கு அவர்கள் கையால் ஒரு குடம் ஊற்றட்டும்.

மரம் என்று கேட்டால் முதலில் இலுப்பை. நகரத்தார் ஒன்பது கோயிலில் ஒன்று இலுப்பைக்குடி, பேரே மரத்தின் பேர். கோயில் விளக்குக்கு எண்ணெய் கொடுத்த மரம் அது. விதை ஆனி, ஆடியில் விழும், விழுந்த சில வாரத்துக்குள் போட்டால்தான் முளைக்கும், எடுத்து வைத்துப் பிறகு போடலாம் என்றால் உயிர் போய்விடும். இந்த வருடம் பருவம் கடந்துவிட்டது, வளர்ந்த கன்றாகத் தேடி வாங்குங்கள். அடுத்து மருது. ஈரம் பக்கத்தில் இருந்தால் நன்றாக வரும், ஊருணியின் உள்சரிவுக்கு மேலே வையுங்கள். பிள்ளையார்பட்டிக்குப் பழைய பேர் மருதங்குடி, அங்கே சாமி பேரும் மருதீசர். நாவல், வேம்பு, புங்கை, புளி எல்லாம் நம் மண்ணுக்குப் பழகியவை. கரைக்கு வெளிப்பக்கம் வரிசையாகப் பனங்கொட்டை ஊன்றுங்கள், அதற்குத் தண்ணீர்கூடக் கேட்காது, கரையை வேர் பிடித்துக்கொள்ளும். ஆல், அரசு போத்து வைக்கும்போது படித்துறையிலிருந்து நாற்பது அடியாவது தள்ளி வையுங்கள். வேர் போய்க் கல்லைப் பெயர்க்கும்.

எழுபதையும் ஒரே வருடத்தில் வைக்காதீர்கள் என்பேன். இந்த வருடம் பனை தவிர இருபது. இருபதுக்கும் மூன்று கோடை தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறதா என்று பாருங்கள். மரத்துக்கு ஒரு மண்பானை புதைத்து, அடியில் ஓட்டை போட்டுத் துணித்திரி வைத்தால் வாரம் இரண்டு தடவை பானையை நிரப்பினால் போதும்.


தேவகோட்டை ஆச்சி எழுதியது:

தம்பி, உங்கள் அப்பத்தா சொன்னதைப் படித்துவிட்டு நான் சமையலை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். "நெழல்ல நின்னுட்டுச் சும்மா வர முடியலை." இதற்கு மேலே ஒரு புலவர் என்ன எழுதிவிட முடியும்? கல்லில் ஒரு வரி போட இடம் இருந்தால் இதைப் போடுங்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

பழம்பாட்டுத்தான் வேண்டும் என்றால் நான் நற்றிணை 172ஐச் சொல்வேன். கல்லூரியில் படித்தபோது மனப்பாடம் செய்தது, இன்னும் மறக்கவில்லை. சின்னப் பிள்ளைகள் தோழிகளோடு வெண்மணலில் புன்னைக் கொட்டையைப் புதைத்து விளையாடுகிறார்கள். புதைத்ததை மறந்தும் போய்விடுகிறார்கள். அது தானாக முளைக்கிறது. அப்புறம்தான் இவர்கள் அதைப் பார்த்து, நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள். அம்மா பார்த்துவிட்டு, "நும்மினும் சிறந்தது, நுவ்வை ஆகும்" என்கிறாள், இது உங்களைவிட உயர்ந்தது, உங்களுக்குத் தங்கை. பிள்ளைகள் பெரிய பெண்கள் ஆன பிறகு, தலைவன் அந்தப் புன்னை நிழலில் வந்து சிரித்துப் பேச நிற்கும்போது, தோழி சொல்கிறாள்: "அம்ம நாணுதும் நும்மொடு நகையே". இது எங்கள் தங்கை, இவள் முன்னால் உங்களோடு சிரித்துப் பேச எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது.

பாடினவர் பேர்கூட கிடைக்காத பாட்டு. ஆனால் அந்த மரம் இன்னும் நிற்கிறது பாருங்கள்.

நான் இதில் கவனிக்கிறது ஒன்று. நட்டதைப் பற்றி அந்தப் பாட்டு ஒரு பெருமையும் பேசவில்லை. விளையாட்டில் புதைத்தார்கள், மறந்தார்கள், அவ்வளவுதான். பாலும் நெய்யும் ஊற்றின பிறகுதான் அது தங்கை ஆகிறது. உங்கள் ஊரில் நூறு கன்று வைத்ததும் பாத்திரம் கழுவின தண்ணீரில் நாலு புங்கை பிழைத்ததும் எனக்கு அந்தப் பாட்டாகவே தெரிகிறது. அந்த நாலு மரத்துக்கும் சொந்தக்காரி அந்த அக்காதான். அப்பச்சி சாந்தி அன்றைக்கு அந்த அக்காவுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுங்கள் தம்பி, தயவுசெய்து.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு மாமரம். நான் பிறந்த வருடம் என் ஆயா விதை போட்டது. எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றின நாளெல்லாம் அந்தத் தண்ணீர் அதற்குத்தான் போனது. நான் கல்யாணமாகிப் போன வருடம் அது காய்க்கவே இல்லை என்று என் ஆத்தா சொல்வார்கள். மாமரம் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் காய்க்கும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் ஆத்தா சொன்னதையும் நம்புகிறேன்.

ஒரு யோசனை. ஊரில் இருக்கிற பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு மரம் என்று பிரித்துக் கொடுங்கள். பிள்ளை பெயரை மரத்துக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள், உபயம் கொடுத்தவர் பெயர் வேண்டாம். நறுந்தொகையில் ஆலம்விதையைப் பற்றி வருகிறதே, "தெண்ணீர்க் கயத்துச் சிறுமீன் சினையினும் நுண்ணிதே ஆயினும்" என்று, மீன்முட்டையைவிடச் சின்ன விதை, யானை தேர் குதிரைப் படையோடு மன்னர் தங்க நிழல் தரும் என்று. ஒரு ஆலம்பழத்தைக் கையில் பிட்டு, உள்ளங்கையில் தட்டி, அந்த விதையை அந்தப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஊருணியில் மீன் இருக்கும், முட்டையையும் காட்ட முடிந்தால் காட்டுங்கள். பாட்டு அவர்களுக்குத் தானாக மனப்பாடம் ஆகிவிடும்.


கடல் கடந்தவன் எழுதியது:

பினாங்கிலிருந்து எழுதுகிறேன், பூர்வீகம் கோட்டையூர்ப் பக்கம். பாட்டைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஒன்று மட்டும் மனதில் கிடந்து அறுக்கிறது. போன தடவை ஊருக்கு வந்தபோது முகப்பில் இருக்கிற தேக்குத் தூணைக் கட்டிப் பிடித்துப் பார்த்தேன், இரண்டு கைவிரல்களும் ஒன்றை ஒன்று தொடவில்லை. பர்மாத் தேக்கு. அந்தப் பருமனுக்கு ஒரு மரம் வளர எத்தனை தலைமுறை ஆகும்! எங்கேயோ ஒரு காட்டில், நம்மவர் யாரும் தண்ணீர் ஊற்றாமல் மழையில் வளர்ந்து நின்றதை வெட்டி, கப்பலில் ஏற்றி, மாட்டுவண்டியில் கொண்டுவந்து நம் வீட்டுக்குத் தூணாக நிறுத்தியிருக்கிறார்கள். நம் முன்னோர்கள் ஊருணி வெட்டினார்கள், கோயில் கட்டினார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள், அதெல்லாம் பெரிய காரியம், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வீடு நிற்கிற அத்தனை தூணுக்கும் பதிலாக இந்த மண்ணில் எத்தனை மரம் வைத்தோம் என்று கணக்குப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிரான்மலைக்கு அப்போது போனேன். அதுதான் பாரியின் பறம்பு என்கிறார்கள். உழவர் உழாமலே நான்கு விளைவு அந்த மலையில் உண்டு என்று கபிலர் புறநானூற்றில் பாடியதைக் கூட வந்த நண்பர் சொன்னார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். மூவேந்தர் முற்றுகையிட்டாலும் அந்த நான்கை வைத்தே ஊர் பசியாறும் என்பது பாட்டு. நான் அந்த மலையடிவாரத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். உங்கள் ஊருணி வேலைக்கு என்னால் முடிந்தது: மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றுகிற ஒருவருக்கு மாதச் சம்பளம் நான் தருகிறேன். பெயர் எங்கேயும் போட வேண்டாம். தனியாகச் செய்தி அனுப்புகிறேன்.


பழைய வாத்தியார் மறுபடி எழுதியது:

ஆச்சி சொன்னது சரி. என் வாக்கை மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அப்பத்தா சொன்ன வரியையும் பாட்டோடு சேர்த்து வெட்டலாம். கோடு என்றால் கிளை என்று சொல்லித்தான் நாற்பது வருடம் பொழிப்புரை எழுதினேன். போத்து நடுவதைப் பற்றி நாற்றுப்பண்ணைத் தம்பி எழுதியதைப் படித்த பிறகுதான் அந்தப் 'பதித்து' என்ற சொல் கையில் பிடிபட்டது. மண்ணை மிதித்து இறுக்குவது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வகுப்பில் சொல்லாமல் விட்டுவிட்டேனே என்று இருக்கிறது.

இன்னும் ஒன்று. நேரம் கிடைத்தால் பிள்ளைகளை வேட்டங்குடிக்கு ஒருநாள் அழைத்துப் போங்கள். 1977இல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். கண்மாய்க்குள் நிற்கிற மரங்களில் நாரையும் கொக்கும் அரிவாள்மூக்கனும் கூடு கட்டியிருக்கும். குஞ்சுகள் பயந்துவிடும் என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. பிள்ளைகள் அந்த ஊர்ப் பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் பேசட்டும்.


செம்மண்காரன் எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று ராத்திரி வளவில் உட்கார்ந்து அப்பச்சிக்கு எல்லாப் பதிலையும் வாசித்துக் காட்டினேன். நற்றிணைப் பாட்டு வந்ததும் இன்னொரு தடவை வாசி என்றார்கள். அப்பத்தா சொன்னதை நான் இங்கே எழுதியிருக்கிறேன் என்பது அவர்களுக்குத் தெரியாது. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

முடிவு இப்படி. தை மாதம் வரை காத்திருக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை குழி எடுக்க ஆரம்பிக்கிறோம், இந்த வருடம் இருபது: இலுப்பை ஐந்து, மருது மூன்று, நாவல் நாலு, வேம்பு நாலு, ஆலம்போத்து இரண்டு, புளி ஒன்று, அப்புறம் பழைய அரசமரத்தின் துளிரை இருபதாவதாக எண்ணிக்கொண்டோம். அதற்கு நேற்றே முள் அடைத்தாகிவிட்டது. பனங்கொட்டை தனிக்கணக்கு, பிள்ளைகள் சேகரிக்கிறார்கள், ஒரு சாக்கு ஆகிவிட்டது. மிச்ச மரங்கள் வருடத்துக்குக் கொஞ்சமாக. எழுபதாவதை வைக்கும்போது தனக்கு எத்தனை வயது ஆகும் என்று அப்பச்சியே விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்கள். அதைச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

கல்லில் சிறுபஞ்சமூலப் பாட்டின் முதல் அடி, அதன் கீழே அப்பத்தா வார்த்தை, அவர்கள் பேசின மாதிரியே. யார் பெயரும் இல்லை. பங்காளிகள் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், பெரிய வீட்டில் மட்டும் குறளையும் ஓரத்தில் சேர்க்க முடியுமா என்று கேட்கிறார்கள், பார்க்கலாம். பாத்திரத் தண்ணீர் அக்காவிடம் சேலை விஷயத்தைச் சொன்னேன். "நான் என்ன தம்பி செஞ்சேன், கழுவுன தண்ணி தானா ஓடுச்சு" என்றார்கள். மரத்துக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை நீங்களே எடுத்துக்கொள்கிறீர்களா, மாதச் சம்பளம் உண்டு என்று கேட்டதற்கு, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்கள்.

நாற்றுப்பண்ணை அண்ணனுக்கு ஒரு கேள்வி. ஆலம்போத்து வெட்ட மரம் பார்த்துவைத்திருக்கிறோம், ஐயனார் கோயில் பக்கத்தில். வெட்டின அன்றைக்கே ஊன்றிவிட வேண்டுமா, அல்லது இரண்டு நாள் நிழலில் போட்டு வைக்கலாமா? அதை மட்டும் சொல்லிவிடுங்கள்.


நாற்றுப்பண்ணை எழுதியது:

அன்றைக்கே ஊன்றினால் நல்லது அண்ணே. முடியாவிட்டால் அடிமுனையை ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் படுக்கவையுங்கள், இரண்டு நாள் தாங்கும். வெட்டும்போது மேல்முனை எது, அடிமுனை எது என்று ஒரு கயிறு கட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், தலைகீழாக ஊன்றிவிடாமல் இருக்க. ஞாயிற்றுக்கிழமை நானும் கடப்பாரையோடு வருகிறேன்.